என் பூட்டிக்குக் குழு பார்த்துவைத்த மாப்பிள்ளை

எங்கள் வம்சமரக் குழுவில் நேற்று ஒரு பழைய பத்திரத்தை ஆசையாகப் பகிர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் கொலப்பன் என்பவர் என் தாத்தாவுக்குச் சொத்து எழுதிக்கொடுத்த பத்திரம்.

இன்று காலை பார்த்தால், குழுவை நடத்தும் தம்பி, வம்சமரத்தில் கொலப்பனைத் தாத்தாவின் அப்பாவாகச் சேர்த்திருக்கிறார். பக்கத்தில் மனைவி என்று என் பூட்டி நாகம்மை.

கொலப்பன் நாகம்மையின் கூடப்பிறந்த அண்ணன்!

உடனே போன் செய்தேன்.

"எக்கா, சொத்து அவருகிட்ட இருந்துதான வந்திருக்கு? அப்பம் அவருதான அப்பா?"

"தாய்மாமன்லா மக்கா! அன்னைக்கு நம்ம ஊருல மருமக்கள்வழி. மாமன் சொத்து மருமகனுக்கு. நாஞ்சில்நாட்டுல பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா?"

"செரி, நெசமான அப்பா பேரு எந்தப் பத்திரத்துல இருக்கு?"

எதிலும் இல்லை. சொத்தில் பங்கில்லாத மனுஷர் பெயரை யார் எழுதிவைத்தார்கள்?

"ஆதாரம் கொண்டு வாங்கக்கா, மாத்துவோம். அதுவரை இப்படியே கெடக்கட்டும்."

யார் வீட்டுப் பெட்டியிலாவது என் பூட்டன் பெயர் எழுதிய காகிதம் இருந்தால் உடனே அனுப்புங்கள். அதுவரை நாகம்மை அண்ணனோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.