ஏகாம்பரத்தின் இரண்டு சரித்திரங்கள்

ஆரணியாற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் பரிசலில் ஆள் ஏற்றிக்கொண்டால் ஏகாம்பரத்துக்கு வாய் ஓயாது. கொக்கைக் காட்டுவார், நீர்க்காகத்தைக் காட்டுவார், நடுவே கரையோரம் இடிந்து நிற்கும் கல் மண்டபத்தின் சரித்திரத்தையும் அவிழ்த்துவிடுவார். தமிழ்க்காரர் ஏறினால் அதைக் கட்டியது சோழராஜா. தெலுங்குக்காரர் ஏறினால் கிருஷ்ணதேவராயர். ஒரே பறவையை அவர்கள் கொங்கா என்கிறார்கள், நாம் கொக்கு என்கிறோம்; மண்டபத்துக்கு மட்டும் இரண்டு ராஜா இருக்கக் கூடாதா என்பது அவர் கட்சி.

எல்லை பிரிக்கிற வருஷம் வந்தது. மதராஸ் பக்கத்து சர்வேயர் சாரங்கபாணி ஒருநாள் பரிசலில் போனார். ஆந்திரா பக்கத்து சர்வேயர் வெங்கட்ரெட்டி மறுநாள் போனார். இருவருக்கும் பரம சந்தோஷம். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே வந்து ஏறியபோதுதான் ஏகாம்பரம் மாட்டிக்கொண்டார். ஆறு இனி இரண்டு ராஜ்யத்துக்கும் பொது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பரிசலுக்கு லைசென்ஸ்.

அன்றைக்கு அவர் பறவையாகவே காட்டித் தள்ளினார். இல்லாத மீன்கொத்தியைக்கூடக் காட்டினார். ஆனால் மண்டபம் எங்கே ஓடி ஒளியும்?

"அந்தச் சோழன் கதையை இவருக்கும் சொல்லேன்" என்றார் சாரங்கபாணி.

"சோழனா? நாக்கு ராயலு அனி செப்பாவு கதா! எங்கிட்ட ராயர்னுதானே சொன்னே?" என்றார் ரெட்டி.

துடுப்பு நின்றது. பரிசல் தன்பாட்டுக்குச் சுற்றியது.

"கட்டினது யாருன்னு எனக்குத் தெரியாது சார். கேக்கறவங்க மொகம் மலரட்டுமேன்னு சொல்லிக்கினு இருந்தேன். ஒண்ணு மட்டும் நெசம். வெள்ளத்துல மாட்டிக்கினு என் பொஞ்சாதி அங்கதான் புள்ள பெத்தா. எம் பொண்ணு வள்ளி பொறந்த எடம் சார் அது."

லைசென்ஸ் போச்சு என்றே முடிவுகட்டி, ஏகாம்பரம் கரையைப் பார்த்துத் துடுப்பைப் போட்டார். கரை சேர்ந்ததும் ரெட்டி கையெழுத்துப் போட்டார், சாரங்கபாணியும் போட்டார். பிறகு வரைபடத்தை விரித்தார்கள். மண்டபத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று தெரியாமல் அந்த இடம் ஒரு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதில் இருவரும் ஆளுக்கொரு வரி எழுதினார்கள், ஒருவர் தமிழில், ஒருவர் தெலுங்கில்.

ஏகாம்பரத்துக்கு இரண்டு எழுத்துமே தெரியாது. தனித்தனியாகப் படித்துக் காட்டச் சொன்னார்.

"வள்ளி மண்டபம்" என்றார் சாரங்கபாணி.

"வள்ளி மண்டபம்" என்றார் ரெட்டி.

ஏகாம்பரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.