வியன்னா காபிக்குப் பக்கத்தில் தண்ணீர்

துபாய் அல் கூஸில் நான் ஸ்டோர்கீப்பராக இருந்த ஒர்க்‌ஷாப்பின் மேனேஜர் சென்னைக்காரர். பெல்ட்டில் மொபைல் உறை, முகத்தில் எப்போதும் ஓர் அலுப்பு. கம்பெனி செலவில் ஒரு வாரம் ஆஸ்திரியா போய்வந்த பிறகு, அவருக்குக் காபி மட்டும் வந்தால் போதாது. சின்னத் தட்டில், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வர வேண்டும். வியன்னாவில் அப்படித்தானாம். அந்தத் தண்ணீரை அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஜூலை மாத டீ பிரேக்கில், வெல்டர்கள் நிழலில் உட்கார்ந்திருந்த இடத்துக்குத் தட்டோடு வந்து நின்றார்.

“அங்கெல்லாம் ஒரு காபி சொல்லிட்டு நாள் பூரா உக்காந்து பேப்பர் படிக்கலாம். எழுந்திருன்னு எவனும் சொல்ல மாட்டான். அதுக்குப் பேருதான் கல்ச்சர்.”

“நாள் பூராவுமா சார்?” என்று அறந்தாங்கி வெல்டர் ஒருவர் ஆசையாகக் கேட்டார்.

“நாள் பூரா,” என்றவர் வாட்சைப் பார்த்தார். “கலாஸ், பிரேக் முடிஞ்சுது. யல்லா, எழுந்திருங்க.”

வெல்டர் மிச்ச டீயை மணலில் கொட்டிவிட்டு எழுந்தார். மேனேஜர் எங்களைக் கேலி செய்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அந்த மனிதர் நல்லது சொல்லிக்கொடுத்த திருப்தியோடு, தட்டிலிருந்த தண்ணீர் தளும்பாமல், ஏசி அறைக்குப் பதமாக நடந்து போனார்.