பண்ணையார் கொடுத்த டிராக்டர் வேலை

டீசல் வாசமும் சேத்து வாசமும் கலந்து மூக்குல ஏறுமே... அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். ஆத்துல தண்ணி வந்து, வாய்க்கா நிறைஞ்சு, குறுவைக்கு உழவு ஆரம்பிக்கிற நேரம். எங்க ஊர்ப் பண்ணையார் வீட்டுக்கு அந்த வருஷம்தான் டிராக்டர் வந்துச்சு.

மன்னார்குடி பக்கத்துல எங்க ஊரு. நான் அப்ப பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு சும்மா இருந்தேன். சும்மான்னா... வருஷக்கணக்கா. எங்க தெருவுல முதல் பட்டதாரி. தஞ்சாவூர் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வச்சுட்டு, போஸ்ட்மேன் சைக்கிள் பெல் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். ஆளுங்கட்சி வட்டச் செயலாளரைப் போய்ப் பார்த்தா "பாத்துக்கலாம் தம்பி"ம்பார். ஆட்சி மாறுச்சு, வட்டம் மாறுச்சு, அந்த வார்த்தை மட்டும் மாறலை.

அப்பா அதே பண்ணையில ஏர் ஓட்டுறவர். அம்மா நடவு நடப் போவாங்க. டிராக்டர் இறங்கினா ஏர்க்காரங்க வீட்ல குந்த வேண்டியதுதான்னு விவசாயத் தொழிலாளர் சங்கத்துல முடிவு பண்ணி, முதல் நாளே வண்டியை மறிச்சுட்டாங்க. கூலித் தகராறு வேற ஓடிக்கிட்டிருந்த நேரம். வெளியூர்லேர்ந்து வந்த டிரைவர் பயந்துபோய், சொல்லாம கொள்ளாம ஊரை விட்டே கிளம்பிட்டான்.

கொஞ்ச நாள்ல எனக்கு ஆள் வந்துச்சு... பண்ணையார் கூப்பிடுறார்னு.

போனேன். அதுவரைக்கும் என்னை "டேய்"னு கூப்பிட்ட மனுஷன் அன்னைக்கு "வாங்க தம்பி"ன்னார். அங்கேயே எனக்கு உறுத்த ஆரம்பிச்சுது.

"படிச்ச புள்ள... எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பீங்க? டிராக்டர் ஓட்டக் கத்துக்குங்க. மாசச் சம்பளம். லைசென்ஸ் நான் எடுத்துத் தர்றேன்."

அந்த வண்டியில ஏற ஆசைப்பட்டவங்க ஊர்ல எத்தனையோ பேர். அப்புறம் ஏன் நான்?

டீக்கடையில சொன்னப்ப, கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கிட்டே "சோழியன் குடுமி சும்மா ஆடாதுப்பா"ன்னார். மறுநாள்லேர்ந்து பெஞ்சுல இருக்கறவங்க என்னைப் பாத்தாலே பேச்சை நிறுத்திடுவாங்க. நான் பண்ணையாருக்கு உளவு சொல்றேன்னு அதுக்குள்ள ஒரு பேச்சு. அங்க பண்ணை வீட்ல மட்டும் என்ன வாழுது? சங்கம் அனுப்பிச்ச ஆளோன்னு, பண்ணைக் காரியத்தைப் பாத்துக்கிறவர் என் பின்னாடியே சுத்துவார்.

எனக்கு எல்லாரையும் விட அப்பா மேலதான் சந்தேகம். வேலையைப் பத்திச் சொன்னா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்னு நெனச்சேன். அவர் வெத்தலையை மென்னுக்கிட்டே, "போ தம்பி. நீ ஏறலன்னா வேற எவனாவது ஏறப் போறான்"னார். அவ்வளவுதான்.

சங்கத்துல முன்னாடி நிக்கிற ஆளு இவ்வளவு சுலபமா போன்னு சொல்வாரா? பண்ணையார் இவரைத் தனியா கூப்பிட்டுப் பேசிட்டாரா? நாங்க குடியிருந்த பண்ணை மனையைக் காட்டி மிரட்டியிருப்பாரோ? பெத்த அப்பனையே ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு திரிஞ்சேன். ரொம்ப நாள் வேலையில்லாம இருந்தவன் மனசு அப்படித்தான்... நல்லது நடந்தாலும் நம்பாது.

ஆனாலும் போனேன். ஒரு மெக்கானிக் வந்து களத்துல வச்சு ஓட்டக் கத்துக் கொடுத்தார். க்ளட்ச்சை விட்டு வண்டி முதல் தடவை நகர்ந்தப்ப வந்த சந்தோஷம் இருக்கே... கெமிஸ்ட்ரி லேப்ல ஒருநாளும் வந்ததில்ல. சர்க்கார் வேலைக் கனவை விட்டுட்டு இதுலயே இருந்துடலாமான்னு தோணுச்சு.

லைசென்ஸ் வந்த கையோட, சம்பா உழவுக்குக் காலையில வண்டியை வயலுக்கு எடுக்கச் சொன்னார் பண்ணையார். குடையைப் பிடிச்சுக்கிட்டு அவரும் வரப்புல வந்து நின்னார். வயல்ல இறங்கற எடத்துல ஏர்க்காரங்க எல்லாம் திரண்டு நிக்கிறாங்க.

முன்னாடி, நடு நாயகமா... எங்க அப்பா.

"ஓட்டுங்க தம்பி. உங்க ஆளுங்கதானே, ஒதுங்கிருவாங்க"ன்னார் பண்ணையார்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எங்க தெருப் பையன் உட்கார்ந்த வண்டியை எங்க தெருக்காரங்க மறிக்க மாட்டாங்கன்னு ஒரு கணக்கு. அந்த "வாங்க தம்பி" இதுக்குத்தான்.

அப்பா சத்தம் போடலை. "எறங்கு தம்பி"ன்னு மட்டும் சொன்னார். எஞ்சினை அணைச்சுட்டு இறங்கினேன். வேலையும் அன்னைக்கே போச்சு.

வீட்டுக்கு நடந்து வர்றப்ப ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. "நீங்கதானேப்பா போகச் சொன்னீங்க?"

"ஆமா. புள்ளைக்கு வேல வேணும், அதனால போன்னேன். ஊர்ல நாலு பேரு பொழைக்கணும், அதனால மறிச்சேன். இதுல என்ன இருக்கு?"

வெத்தலை போட்ட அதே முகம். ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் அது புரிய ரொம்ப காலம் ஆச்சு.

அப்புறம் தாலுகா ஆபீஸ்ல பேசி, பாதி நிலத்துக்கு டிராக்டர், பாதிக்கு ஏர்னு முடிஞ்சுது. சில வருஷத்துல ஏரே இல்லாமப் போனது வேற கதை. நான் அந்த லைசென்ஸ்ல ஆரம்பிச்சு, லாரிக்குப் போயி, கடைசியில பஸ் டிரைவராகி ரிட்டயர்டும் ஆயிட்டேன். படிச்ச கெமிஸ்ட்ரி பேட்டரிக்குத் தண்ணி ஊத்தத்தான் உதவுச்சு.

இப்ப என் பையன் சென்னையில வேலை போய் உட்கார்ந்திருக்கான். ஐ.டி. வேலை. அவன் செஞ்சதை இப்ப ஒரு சாப்ட்வேரே செஞ்சுடுதாம். வேற ஃபீல்டுக்கு மாறலாமான்னு போன்ல கேக்கறான். யாரோ ஆன்லைன்ல வேலை தர்றேன்னு தேனொழுக மெசேஜ் அனுப்புறாங்களாம், நம்பலாமாப்பாங்கறான். நல்லா விசாரிச்சுக்கடான்னு சொல்றேன். எனக்கு வேற என்ன தெரியும்...

போன வாரம் கேட்டேன். "உன்னை வேணாம்னு முடிவு பண்ணது யாருடா? நேர்ல போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தியா?"

"யாருன்னே தெரியாதுப்பா. மெயில்தான் வந்துச்சு."

எங்க அப்பாவுக்கு எங்க போய் நிக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு.

இவன் எந்த வயல்ல போய் நிப்பான்?