தொண்ணூறாவது எறிக்குப் பிறகு

பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடம். எறிமேட்டில் நின்ற என் மச்சான் கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் வலது முழங்கையை அழுத்திக்கொண்டிருந்தான். என் கையிலிருந்த எண்ணும் கருவி தொண்ணூறைக் காட்டியது.

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு பேஸ்போல் கழகம். வலைக்குப் பின்னால் இருந்து எறிகளை எண்ணுவது என் வேலை. முன்பு ஒரு தமிழ் வார இதழுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதியவன் என்பதால் அதைத் தந்திருந்தார்கள். மச்சான், என் மனைவியின் தம்பி, அந்தக் கழகத்தில் சம்பளத்துக்குப் பந்தெறிந்த முதல் ஆள். பதினொரு வயதில் பள்ளி மைதானத்தில் தொடங்கினான். இருபத்தாறில் அதுவே அவனுடைய தொழில். அடுத்த பருவத்துக்குத் தெற்கிலிருந்து ஒரு பெரிய கழகம் அவனைக் கேட்டிருந்தது.

அந்த வசந்தத்தில் முழங்கை வீங்கியது. ஓர் ஆட்டத்தில் தொண்ணூறு எறிக்கு மேல் கூடாது என்று மருத்துவர் எழுதிய கடிதம் பயிற்சியாளரிடம் இருந்தது. அதன் பிரதியை நான் என் புள்ளிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தேன்.

ஒன்பதுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றோம். அவனை நிறுத்தி வேறொருவரை எறியவிட்டாலும் வென்றிருப்போம். ஆனால் எதிரணியில் ஒருவர்கூட அதுவரை அவனுடைய பந்தை அடித்து முதல் தளத்தைத் தொடவில்லை. கடைசிவரை அப்படியே முடிந்தால் அது அபூர்வம். உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் வேறு வந்திருந்தார். பயிற்சியாளர் வலையருகே வந்தார்.

"உங்கள் மொழியில் கேளுங்கள். நீங்கள் சொன்னால் எறிவான்."

பார்வையாளர்களின் பின்வரிசையில் எங்கள் தமிழாட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"தொண்ணூறு பந்தெண்டா பதினைஞ்சு ஓவர்தானே. இதுக்கே களைச்சுப்போனானோ?"

"அதுவும் முழங்கையை மடக்கியெல்லோ எறியிறான். ஊரிலையெண்டா எல்லாம் நோபோல், அண்ணை!"

"தம்பி, ஏலாட்டி இறங்கும். அண்ணை வந்து ரெண்டு ஓவர் போடுவார்!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தேன். ஒரு நாளில் இருபது ஓவர் போட்டவர்களை எத்தனை முறை புகழ்ந்து எழுதியிருக்கிறேன்! நீட்டிய கையால் ஓடிவந்து போடுவதும், நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி முழு விசையில் எறிவதும் ஒன்றல்ல. எனக்கு அது தெரியும். கடிதம் ஒட்டிய புத்தகம் என் மடியில் கிடந்தது.

"மச்சான், ஏலுமோ?"

அவன் பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"நீங்கள் சொன்னா எறியிறன், அத்தான்."

"எறி, எறி. இன்னும் கொஞ்சம்தானே."

நூற்றிருபத்தோராவது எறி மட்டைக்காரர்வரை போகவில்லை. பாதி வழியில் விழுந்து உருண்டது. மச்சான் முழந்தாளிட்டு, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். படப்பிடிப்பாளர் அதையும் எடுத்தார்.

இரண்டு கிழமை கழித்து, பயிற்சியாளர் கையெழுத்திட்ட கழகத்தின் அறிக்கை வந்தது. வீரர் தாமே விரும்பித் தொடர்ந்தார், உறவினர் ஒருவர் தாய்மொழியில் கேட்டு அதை உறுதிசெய்தார் என்று எழுதியிருந்தார்கள். மருத்துவரின் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மச்சான் எசனில் பிறந்தவன். பயிற்சியாளரோடு பதினைந்து வருடமாக ஜெர்மனில்தான் பேசுகிறான். அவனிடம் கேட்க என் மொழி எதற்கு என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. தொண்ணூறு என்ற எண்ணை வாசிக்க அந்த மனிதருக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டிருக்காது.

என் பிழை என்னுடையது. அதை நான் எவர் தலையிலும் கட்டவில்லை. ஆனால் அவர் தன் பிழையையும் சேர்த்து என் கணக்கில் எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் பிரதியை வைத்து மூன்று முறை கழகத்துக்கு எழுதினேன். அறிக்கை முடிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. மச்சானின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தெற்குக் கழகம் பிறகு அழைக்கவில்லை.

அவனுடைய வலது முழங்கை இப்போது முழுதாக நீள்வதில்லை.