பிசிறு வெளியே இருக்க வேண்டிய நானூறு பைகள்

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது, வெளியே தூறல். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் நான் குவாலிட்டி பார்த்த கம்பெனியில் நானூறு துணிப்பைகள் பேக்கிங் மேசைக்கு வந்திருந்தன. மலைமேல் உள்ள தேசியப் பூங்காவில் பறவைகளை ஆராயும் குழுவின் ஆர்டர். வலையில் சிக்கும் பறவையைப் பைக்குள் விட்டு, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டிப் பறக்க விடுவார்களாம். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.

ஒரு பையை எடுத்துப் பார்த்தேன். தையல் சுத்தம்; ஓவர்லாக் அடித்த ஓரத்தின் நூல் பிசிறு முழுவதும் உள்ளே. ஆனால் அவர்கள் அனுப்பிய சாம்பிளில் பிசிறு வெளியே இருந்தது.

டெய்லர் ஸ்டெல்லாவைக் கேட்டேன். சாத்தான்குளத்துக்காரர். "சாம்பிளைத் திருப்பிப் போட்டு அனுப்பிட்டாவன்னு நெனச்சோம்ணே. பிசிறு வெளிய தெரிஞ்சா நீங்கதான ஏசுவிய?" என்றார்.

நியாயம்தான். முப்பத்தோரு வருடமாக நான் ஏசியது அதற்குத்தான்.

மனசு ஆறவில்லை. குழுவை நடத்தும் பெண்ணுக்குப் போன் செய்தேன். "உள்ள நூல் இருந்தா நகம் மாட்டிக்கும் சார். பறவை உதறும், கால் ஒடிஞ்சிடும்" என்றார்.

முதலாளி என்னைவிடச் சின்னவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏனுங்ண்ணா, குருவிக்கு எக்ஸ்போர்ட் குவாலிட்டியா? பையத் திருப்பி வுட்டாத் தீந்துது. இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

திருப்பிக் காட்டினேன். சுருக்குக் கயிறு உள்ளே போய் என் விரலில் சுற்றிக்கொண்டது. "வாய் மடிப்பப் பிரிச்சுத்தானுங்க மறுக்காத் தைக்கோணும்."

"ரீவொர்க்குக்கு நான் பைசா தரமாட்டனுங்ண்ணா. குருவி வந்து நஷ்டஈடு கேட்டுக் கிளெய்ம் போடாதுங்க."

"அதனாலதானுங்க நாம பாக்கோணும். கூலி நான் தர்றனுங்க."

ஸ்டெல்லாவும் ஐந்து டெய்லர்களும் ஞாயிறு மதியத்துக்குள் பிரித்துத் தைத்தார்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் கையை விட்டு, வெட்டாத நகத்தால் மூலை மூலையாகத் தடவினேன். பதினொன்றில் நகம் மாட்டியது. அவை திரும்பவும் மெஷினுக்குப் போயின. "எண்ணே, குருவியே இம்புட்டு நோண்டாது" என்றார் ஸ்டெல்லா. எல்லோரும் சிரித்தார்கள். நான் நோண்டுவதை நிறுத்தவில்லை.

சாயங்காலமே மூட்டையோடு பஸ் ஏறினேன். திங்கள் விடியலில் சோலைக்காட்டு ஓரம் ஒரே பனி. எதிர்ப்பாறையில் ஏழு வரையாடுகள் நின்று எங்களைப் பார்த்தன. வலையில் முதலில் விழுந்தது வெள்ளைக்கண்ணி என்கிற சின்னக் குருவி. பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டார்கள். பை போக ஒன்பது கிராம். ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டர் துணிக்கு எத்தனை கிராம் என்று பார்க்க நாங்கள் வெட்டும் வட்டத் துண்டு, நூற்றைம்பது ஜி.எஸ்.எம். துணியில் ஆறு சேர்ந்தால் அவ்வளவுதான்.

அந்தப் பெண் பைக்குள் கையை விட்டார். பறவை துணியைக் கால்களால் பற்றியிருந்தது. மெல்ல இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வளையம் மாட்டி உள்ளங்கையை விரித்தார். பறந்துபோனது.

மதியம்வரை இருபத்தாறு பறவைகள். "ஒண்ணுகூட மாட்டல சார்" என்றார். ஆர்டர் தரும் பெரிய பெரிய பையர்கள் என் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். அன்றைக்குப் போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

குவாலிட்டி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். துணியின் நல்ல பக்கம் எது என்பதைப் பார்க்கிற கண் முடிவு செய்யக் கூடாது. உள்ளே இருக்கப்போகும் உடம்பு முடிவு செய்ய வேண்டும்.

இதைக் கற்க எனக்கு ஆன செலவு: பைக்கு ஆறு ரூபாய் வீதம் கூலி 2,400, டீயும் பன்னும் 310, பஸ் போக வர 380. மொத்தம் மூவாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.