ஆவாரம் தழையும் சிங்கப்பூர்க் கப்பலும்

1956 மே மாதத்தில் செல்லிக்கு முப்பத்தொரு வயது. அதுவரை குருபரப்பள்ளியை விட்டு அவள் போன தூரம் கிருஷ்ணகிரிச் சந்தை மட்டும்தான். அவள் கட்டிய மாங்காய்க் கூடைகளோ வருஷம் தவறாமல் பெங்களூர் போய்வந்தன.

அந்த மாதம் மண்டிக்காரர் கோவிந்தப்பன் முதல்முறையாக மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஒரு லோடு பிடித்தார். சரக்கு சிங்கப்பூர்க் கப்பலில் ஏறவேண்டும்.

"காய் துறைமுகத்துக்குக் கல்லு மாதிரி போய்ச் சேரணும் செல்லி. சேர்ந்துச்சுன்னா சீசன் முழுக்கக் கட்டுற வேலை உங்க பொம்பளைங்களுக்குத்தான். இல்லன்னா சேலத்துலேருந்து ஆள் இறக்கிடுவேன்" என்றார்.

மழை வரும்வரை வயலில் கூலி கிடையாது. தெருவே செல்லியின் பின்னால் திரண்டு வந்தது. இருட்டோடு எழுந்து கட்டி, விடிந்ததும் லாரி நிறைய ஏற்றிக் கயிறும் இழுத்தாயிற்று. எப்போதும் பெங்களூருக்கு ஓட்டும் டிரைவர் முனிராஜ் லோடைச் சுற்றிவந்து மோப்பம் பிடித்தான்.

"என்னக்கா, வண்டி மெட்ராஸ் போவுது, வாசனை பெங்களூர் போவுதே?"

செல்லிக்குச் சுரீரென்றது. பெங்களூர்க் கூடையின் அடியில் ஆவாரம் தழை போடுவார்கள்; காய் வழியிலேயே சூடேறி, இறங்கும்போது மஞ்சளாகிவிடும். பழக்கதோஷத்தில் இன்றைக்கும் அவளேதான் தழை ஒடிக்கச் சொல்லியிருந்தாள். அப்படியே கப்பல் ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது கூழ்தான்.

"ஐயா, தழை போட்டுட்டோம். நான்தான் சொன்னேன்."

கோவிந்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இத்தனை வருஷம் கட்டுன கைக்கு இன்னிக்குத்தான் புத்தி போகணுமா? இறக்கிக் கட்ட நேரமில்ல. சாயங்காலம் துறைமுகக் கேட்டை மூடிருவாங்க."

"இறக்க வேணாங்க. நானும் பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவும் மேலயே ஏறிக்கறோம். ஒரு காலிக் கூடை குடுங்க, போதும்."

"ஓடுற வண்டியில பிரிப்பியா?"

"நின்ன வண்டியில பிரிச்சா கப்பல் போயிருமே."

அவர் வாயைத் திறப்பதற்குள் கெம்பம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்திருந்தாள். "மெதுவா ஓட்டட்டுமா?" என்றான் முனிராஜ். "மெதுவா வேணாம், நேரா ஓட்டு" என்றாள் செல்லி.

ஒரு கூடையைக் காலிக் கூடையில் கவிழ்ப்பது, தழையை வீசுவது, காலியானதில் அடுத்ததைக் கவிழ்ப்பது, முடிந்ததை ஓரமாக நகர்த்திக் கீழடுக்கை எடுப்பது. கிருஷ்ணகிரி கடந்தது. பர்கூரில் ரோட்டில் விழுந்த தழைக்கு ஆடுகள் ஓடிவந்தன. "உனக்குப் பின்னால ஒரு மந்தையே வருதுடி" என்று கெம்பம்மா சிரித்தாள். பசி தெரியவில்லை. பாலாற்று மணல் பளபளத்தது, வேலூர்க் கோட்டை வந்தது, போனது. மெட்ராஸ் எல்லையில் கடைசிக் கூடையைக் கட்டி முடித்தபோது இருவர் கையிலும் மாம்பால் கறுத்திருந்தது.

துறைமுகத்தில் கடலைவிடப் பெரிதாகத் தெரிந்தது சரக்குதான். தோல் கட்டுகள், வேர்க்கடலை மூட்டைகள், இரும்புத்தாது மேடு, தலைக்குமேல் கிரேன். இத்தனையையும் இந்தக் கப்பல்கள் விழுங்கிவிடுமா என்று செல்லி வாய்பிளந்து நின்றாள்.

பார்வையிட வந்தவர் நடுவிலிருந்து ஒரு காயை எடுத்து அழுத்தினார். இன்னொன்றையும் அழுத்தினார். "பச்சைதான். ஏத்து."

கிரேன் கூடைகளைத் தூக்கியது. கெம்பம்மா செல்லியின் தோளில் பலமாக ஓர் அடி வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குருபரப்பள்ளியில் இரண்டு லாரிகள் வந்து நின்றன. சேலத்து ஆட்கள் யாரும் வரவில்லை.