செல்லியம்மாளின் சைக்கிள் செயின்

எண்பத்தாறாம் வருஷம். ரிஷிவந்தியம் பக்கத்து ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு சைக்கிளில் போய்வந்த நர்ஸ் செல்லியம்மாளுக்கு, அன்று வழியில் நான்கு முறை செயின் கழன்றது. போய்ச் சேர்வதற்குள் பெட்டியிலிருந்த ஐஸ் கரைந்துவிட்டது. கூலி வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்த தாய்மார்களிடம், "மருந்து வீணாப்பூடுச்சிம்மா, அடுத்த வாரம் வர்றேன்" என்றாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

சைக்கிள் கடை பொன்னுரங்கம் செயினை விரலால் இழுத்தார். பல்சக்கரத்தை விட்டு அது எழும்பி நின்றது.

"தொளதொளன்னு ஆனப்பவே மாத்தச் சொன்னேன், நர்ஸம்மா. நீங்க கண்ணி கண்ணியா எடுத்து, செயினைக் குட்டையாக்கியே ஓட்டிக்கினு இருந்தீங்க. இப்ப பல்லும் தேஞ்சிபோச்சி. புதுச் செயின் மட்டும் போட்டா வழுக்கும்."

"ரெண்டையும் மாத்திடுங்க."

அடுத்த வாரம் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் தாய்மார்களில் பாதிப்பேர் களையெடுக்கப் போயிருந்தார்கள். செல்லியம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கினாள்.